ஹைஜீன் காரணி, மோட்டிவேட்டர்: தமிழில் என்ன சொல்லலாம்?

ச. எழுதியது:
நண்பர்களே, பி.காம். மேலாண்மைப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்கின் இருகாரணிக் கோட்பாட்டில் நிற்கிறேன். பிட்ஸ்பர்க் வட்டாரப் பொறியாளர்களையும் கணக்காளர்களையும் விசாரித்து அவர் 1959இல் வெளியிட்டது இது. சம்பளம், மேற்பார்வை, பணியிட வசதி குறைந்தால் மனக்குறை வரும். நிறைந்தால் மனக்குறை போகும், அவ்வளவுதான். வேலையில் பிடிப்பு வருவது சாதனை, அங்கீகாரம், பொறுப்பு ஆகியவற்றால். முன்னது ஹைஜீன் காரணி, பின்னது மோட்டிவேட்டர். முன்னதைச் ‘சுகாதாரக் காரணி’ என்று எழுதினால், பிள்ளைகள் விடைத்தாளில் கழிப்பறை, குடிநீர் என்று நிரப்புகிறார்கள். பின்னதற்கு ‘ஊக்கி’ போதுமா?

மு. எழுதியது:
அம்மா, சுகாதாரம் நோயைத் தடுக்கும், தீர்க்காது. அந்த ஒப்புமையால்தான் அவர் அப்பெயர் வைத்தார். ஆனால் சொல் வடசொல். ‘காரணி’யும் அப்படியே. ‘பேணி’ என்று நிறுத்துங்கள். பேணு + இ, எத்தனை அழகு! ‘ஊக்கி’யைத் தொடாதீர்கள். வள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமே தந்திருக்கிறார்.

யாழ்ப்பாணத்திலிருந்து த.:
ஐயா, எங்கள் ஊரில் பேணி என்றால் தேநீர் குடிக்கும் பாத்திரம். மூக்குப்பேணி கேள்விப்பட்டதில்லையா? ‘சம்பளம் ஒரு பேணி’ என்று படித்தால் வகுப்பே சிரிக்கும்.

இரா. எழுதியது:
‘ஊக்கி’யில் வேறு சிக்கல். ஆலையில் ஊக்கத்தொகை என்றால் பணம். ஹெர்ஸ்பெர்கோ சம்பளத்தை எதிர்ப்பக்கம் வைக்கிறார். பணமே ஊக்கி என்றுதான் மாணவன் எழுதுவான். மேலும் கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் தலைவி தன் ஊஞ்சலை ‘ஊக்க’ச் சொல்கிறாள், பிறர் ஆட்டிவிடுவது அது. வெளியிலிருந்து தள்ளினால் நகர்வுதான் கிடைக்கும், ஊக்கம் அல்ல என்று 1968 கட்டுரையில் ஹெர்ஸ்பெர்கே அடித்துச் சொல்கிறார்.

மு. எழுதியது:
அவள் கேட்டபின்தானே தலைவன் ஊஞ்சலை ஆட்டினான்? பிறகு கைநழுவியதுபோல் அவன்மேல் விழுந்தாளே, அது யார் தள்ளி? அகத்தூண்டல் ஐயா, அகத்தூண்டல்!

த. எழுதியது:
ஊஞ்சலை விட்டு இறங்குவோம். ‘பேணுகாரணி’, ‘உந்துகாரணி’. இரண்டும் வினைத்தொகை, வாயில் நிற்கும்.

இரா. எழுதியது:
உந்துவதும் தள்ளுவதுதான். இருந்தாலும் பணவாடை இல்லை. சரி.

ச. எழுதியது:
நன்றி. அவ்விரண்டையே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘சுகாதாரக் காரணி என்றும் வழங்கும்’ என்று சேர்க்கிறேன். பழைய வினாத்தாள்களில் அதுதான் இருக்கிறது.

மு. எழுதியது:
பேருந்து, மகிழுந்து வரிசையில் உந்துகாரணியும் ஓடட்டும். என் வகுப்பில் ஊக்கிதான்.