மைல்ஸ் டேவிஸ் ரீமிக்ஸ்: கேட்கலாமா?

கேள்வி: ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'ஆன் தி கார்னர்' (1972) ஆல்பம் கேட்டேன். தலை கிறுகிறுக்கிறது, ஆனாலும் விட மனசில்லை. அவருடைய அந்தக் காலத்துப் பாடல்களை இசைத் தயாரிப்பாளர் பில் லாஸ்வெல் 'பாந்தலாசா' (1998) என்ற ஆல்பமாக ரீமிக்ஸ் செய்திருக்கிறாராம். டான்ஸ் பீட் ஏற்றிக் கெடுத்துவிட்டாரா?

பதில் 1: பயப்படாதீர்கள். 1969 முதல் 1974 வரையிலான மூல டேப்புகளைத்தான் மறுபடி கலந்திருக்கிறார். 'அசலைத் தொடலாமா' என்று சண்டை போடுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். அசலே வெட்டி ஒட்டியதுதானே! மைல்ஸின் தயாரிப்பாளர் டியோ மசேரோ பிளேடால் டேப்பை நறுக்கிச் சேர்த்தவர். 'ரேட்டட் எக்ஸ்' கேளுங்கள். அதில் மைல்ஸ் வாசிப்பது ட்ரம்பெட் இல்லை, ஆர்கன். டிரம்ஸும் பாஸும் சட்டென்று அறுந்துபோகும், ஆர்கன் மட்டும் அந்தரத்தில் நிற்கும், அப்புறம் மொத்தமும் மேலே வந்து விழும். அரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் 'ஹீ லவ்ட் ஹிம் மேட்லி'யை லாஸ்வெல் பாதிக்கும் கீழே சுருக்கியிருக்கிறார். எனக்கு அசல்தான் பிடிக்கும். அந்த இழுவை வேண்டும்.

பதில் 2: பீட் ஏற்றியது 1999-இல் வந்த 'பாந்தலாசா: தி ரீமிக்ஸஸ்'. டிஜே க்ரஷ், டாக் ஸ்காட் போன்ற டிஜேக்களின் ரீமிக்ஸ் எல்லாம் அதில் உண்டு.

பதில் 3: ராக் பக்கம் வேண்டுமென்றால் ஜெர்மனியின் கேன் என்ற ராக் குழுவின் பாடல்களுக்கு 'சாக்ரிலேஜ்' (1997) என்ற ரீமிக்ஸ் ஆல்பம் இருக்கிறது. இசைக்கலைஞர் பிரையன் ஈனோ, ராக் குழு சோனிக் யூத் எல்லாம் கைவைத்திருக்கிறார்கள். பாதி தேறும்.