மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை: கொழும்பில் முதலில் எதை ஆராய வேண்டும்?

வெள்ளவத்தையான்:
கமக்கட்டில் கத்தி வைக்காமல் விடுவதைத்தான். 2023இல் வெளிவந்த சவுண்ட் ஆய்வில் கட்டி 2 செ.மீ. வரை, அல்ட்ராசவுண்டில் கமக்கட்டு சுத்தம் என்ற பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கத்துக்குக் காவல் கணுவை, அதாவது மார்பிலிருந்து புற்று முதலில் போய்ச் சேரும் நிணநீர்க் கணுவை எடுத்தார்கள், மறுபக்கத்துக்குத் தொடவில்லை. 5 வருடத்தில் தூரப் பரவல் இல்லாமல் உயிரோடிருந்தவர்கள் முறையே 97.7 வீதமும் 98 வீதமும். 2024இல் இதே கேள்வியைக் கேட்ட இன்செமா ஆய்வும் அதே பக்கம்தான் நின்றது. அதில் கணுவை எடுத்தால் கை வீக்கம் 5.7 வீதம், எடுக்காமல் விட்டால் 1.8. கணுவைத் தேடும் காமா புரோபும் வேண்டாம், கதிரியக்க ஐசோடோப்பும் வேண்டாம். கையைக் கடிக்காத ஆய்வு.

நீலக்கணு:
முடிவு சரி. ஆட்கள்தான் வேறு. இன்செமா 5 செ.மீ. வரை அனுமதித்தும் பத்தில் ஒன்பது பேருக்குக் கட்டி 2 செ.மீ.க்குள். இங்கே நாடளாவிய மமோகிராம் திட்டம் இல்லை. கையில் தட்டுப்பட்ட பிறகுதான் பலர் கிளினிக் வருகிறார்கள். அதோடு சவுண்டின் உயிரே அல்ட்ராசவுண்ட் பார்ப்பவரின் கண்ணில் இருக்கிறது. கணுவின் புறணி (வெளி அடுக்கு) 3 மி.மீ. தாண்டினால் ஊசி போட்டுப் பார்க்க வேண்டும். நம்முடைய ஸ்கானில் 'சுத்தம்' என்று எழுதிய கமக்கட்டுகளில் எத்தனையில் பத்தோலொஜி நோயைக் காட்டியது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அந்த எண் கையில் இல்லாமல் கணுவை விடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு விடுவது.

மருதானை77:
அந்த எண்ணை எடுக்கவும் கணுவைச் சரியாகப் பிடிக்க வேண்டுமே. அந்த ஐசோடோப்பான டெக்னீசியம் 6 மணித்தியாலத்தில் பாதியாகிவிடும், அணு மருத்துவப் பிரிவு பக்கத்தில் இல்லாத தியேட்டரில் கணுவை நீலமாக்கும் மெதிலீன் நீலச் சாயம்தான் கதி. 1 வீதக் கரைசலை ஐதாக்காமல் தோலுக்குள் போட்டால் தோல் கருகும். ஐதாக்கி, முலைக்காம்பு வட்டத்தின் கீழே ஆழமாகப் போட்டு 5 நிமிடம் தடவ வேண்டும். மயக்க மருந்து டொக்டருக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரத்த ஒட்சிசனைக் காட்டும் ஒட்சிமானி திடீரென்று பொய்யாக இறங்க, தியேட்டரே பதறும். ஃபுளுஓக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மாத்திரை குடிப்பவருக்கு இந்தச் சாயம் கூடாது. உள்ளே நீல நாளத்தைத் தப்பித்தவறி வெட்டிவிட்டால் சாயம் கொட்டி முழுக் கொழுப்பும் நீலம். பிறகு எது கணு, எது கொழுப்பு என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கீமோவுக்குப் பிந்திய கமக்கட்டு என்றால் சாயம், ஐசோடோப் இரண்டும் சேர்ந்து குறைந்தது 3 கணுவும் இல்லாமல் நம்ப முடியாது.

வெள்ளவத்தையான்:
சரி, கமக்கட்டை விடுங்கள். மும்பை டாட்டா மெமோரியல் செய்ததைப் பாருங்கள். 1600 பெண்கள். வெட்டுவதற்கு 7 முதல் 10 நிமிடம் முன் கட்டியைச் சுற்றி 0.5 வீத லிக்னோகேயின் (இடத்தை மரக்கச் செய்யும் ஊசி மருந்து), கிலோவுக்கு 4.5 மி.கி.க்கு மேல் போகாமல். 60 கிலோ பெண்ணுக்கு அது அதிகபட்சம் 54 மி.லீ. நோய் திரும்பாமல் 5 வருடம் கடந்தவர்கள் 82.6இலிருந்து 86.6 வீதம், உயிரோடிருந்தவர்கள் 86.4இலிருந்து 90.1. எந்த வார்ட்டிலும் இருக்கும் மருந்து. கொழும்பில் மீட்டிச் செய்ய என்ன தடை?

வடிகுழாய்:
ஆள் தொகை தடை. 4 வீத வித்தியாசத்தைக் காட்டவே அவர்களுக்கு 1600 பேரும் பல வருடமும் தேவைப்பட்டது. மற்றப் பக்கத்துக்கு ஒன்றும் போடவில்லை, வெறும் உப்புநீர் கூட இல்லை. மீட்டிச் செய்தால் அதையும் சேர்க்க வேண்டும். தனி நகரம் தாங்காது. அடிக்கடி நடக்கும் விசயத்தை எடுங்கள்: சீரோமா, அதாவது ஒப்பரேசனுக்குப் பிறகு தோலுக்கடியில் தேங்கும் நீர். பாதிப் பேருக்கு வருவதை 30 வீதமாக்குவது இலக்கு என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு நூறு பேருக்குள் முடியும். மார்பை எடுக்கப் பிரித்த தோல் மடலைத் தசையோடு 2-3 செ.மீ. இடைவெளியில் கரையும் நூலால் தைத்துப் பாருங்கள். தையல் தோலுக்குக் கிட்டப் போனால் குழி விழும், அது ஒன்றுதான் தொல்லை. நுவரெலியாவிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வந்த பெண் நீர் எடுக்க மட்டும் திரும்பத் திரும்ப பஸ் ஏறுவதும், காயம் ஆறாமல் கீமோ தள்ளிப்போவதும் சின்ன விசயம் இல்லை.

வெள்ளவத்தையான்:
அப்போ உயிர் காக்கும் கேள்வியெல்லாம் பெரிய நாடுகளுக்கு, நமக்கு நீர் எடுக்கிற கேள்வியா?

வடிகுழாய்:
உயிர்க் கேள்விக்கு இந்தியாவோடு கூட்டுச் சேருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தனியாகச் செய்வதைத் தப்பில்லாமல் செய்யுங்கள் என்கிறேன். 'சீரோமா உண்டா' என்று பதியாதீர்கள், ஸ்கான் வைத்தால் கிட்டத்தட்ட எல்லாருக்கும் நீர் தெரியும். எத்தனை தடவை ஊசியால் எடுத்தோம், மொத்தம் எத்தனை மி.லீ. என்று பதியுங்கள். வடிகுழாயைக் கழற்றும் எல்லையையும், 24 மணித்தியாலத்தில் வடியும் நீர் 30 மி.லீ.க்குக் குறைந்தாலா 50 மி.லீ.க்குக் குறைந்தாலா என்று, எல்லா வார்ட்டும் ஒன்றாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தையலை அளக்கவில்லை, கன்சல்டன்ட் சேரின் வழக்கத்தை அளக்கிறீர்கள்.

நீலக்கணு:
அதே ஆட்களில் கையையும் அளந்துவிடுங்கள், தனி ஆய்வு தேவையில்லை. ஒப்பரேசனுக்கு முன்பே இரண்டு கையும், மணிக்கட்டிலிருந்து 4 செ.மீ.க்கு ஒரு சுற்றளவு. முன்னளவு இல்லாவிட்டால் வலக்கைப் பழக்கத்தால் பருத்த கையும் 'வீக்கம்' என்று கணக்கில் ஏறும். முதல் நோயாளியைச் சேர்க்க முன் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள். பிறகு பதிந்ததை நல்ல சஞ்சிகை எதுவும் எடுக்காது.

வெள்ளவத்தையான்:
கைக்கு ஒத்துக்கொள்கிறேன். லிக்னோகேயினை விடமாட்டேன்.