மேயர் டேலியின் சிகாகோ: அந்தக் காலத்து மனிதர்களைச் சந்தித்த அனுபவங்கள்

ரிச்சர்ட் ஜே. டேலி 1955-இல் சிகாகோ மேயரானார். 1976 டிசம்பரில் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். குக் கவுண்டி ஜனநாயகக் கட்சியின் தலைவரும் அவரே. ஊரும் கட்சியும் ஒரே கையில். அந்தக் கட்சி அமைப்பை இங்கே எல்லோரும் 'மெஷின்' என்றுதான் சொல்வார்கள். அந்த மெஷினுக்குள் வேலை பார்த்த ஒருவரோடு எனக்குச் சில மாதப் பழக்கம் உண்டு. அதைச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி யாரையாவது தெரிந்திருந்தால் எழுதுங்கள்.

2015 மார்ச். மேற்குப் பகுதியில் நார்த் லாண்டேலில் வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் தன்னார்வ வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு செருப்புப் பெட்டி நிறைய காகிதங்களோடு 77 வயதுக் கறுப்பினப் பெரியவர் ஒருவர் வந்தார். மாநகராட்சி ஓய்வூதியம் வாங்குகிறவர். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். "சம்பளம் வாங்கிய வேலையைக் கேட்கிறாயா, செய்த வேலையைக் கேட்கிறாயா?" என்றார்.

செய்த வேலை, பிரிசிங்ட் கேப்டன். சிகாகோவில் 50 வார்டுகள். ஒவ்வொரு வார்டையும் நாலைந்து தெருக்கள் அளவுக்குச் சின்னச் சின்ன பிரிசிங்ட்டுகளாகப் பிரித்திருப்பார்கள். அந்தக் காலத்தில் ஊர் முழுக்க 3,000-க்கும் மேல். அந்த ஒவ்வொரு துண்டுக்கும் கட்சியின் ஆள் ஒருவர். தன் துண்டில் எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். குப்பை எடுக்கவில்லையா, தெருவிளக்கு எரியவில்லையா, பையனைப் போலீஸ் பிடித்துவிட்டதா, முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அவர் வார்டு தலைவரிடம் சொல்வார், காரியம் நடக்கும். தேர்தலன்று அவர் வந்து கதவைத் தட்டுவார். மெஷினின் கையில் 35,000 முதல் 40,000 வரை அரசு வேலைகள் இருந்ததாகச் சொல்வார்கள். பெரியவருடைய வேலையும் அதில் ஒன்று. ஓட்டு குறைந்தால் வேலை போகும்.

"நான் யாரையும் மிரட்டியதில்லை" என்றார் அவர். "மிரட்ட வேண்டி வந்ததே இல்லை. அவர்களுக்கு என்மேல் பிரியம். எனக்கும் அவர்கள்மேல் பிரியம்." அந்தப் பிரியம் பொய்யில்லை என்றே நினைக்கிறேன். அதனால்தான் அவர் அடுத்துச் சொன்னது எனக்கு வலித்தது.

1966 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங், சவுத் ஹாம்லின் அவென்யூவில் 1550-ஆம் எண் கட்டடத்தில் குடிவந்தார். பெரியவர் வீட்டுக்கு மிகப் பக்கம். வெளியூர்க்காரர் பேச்சைக் கேட்டு ஊர்வலம் போகாதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லும்படி இவருக்கு உத்தரவு வந்தது. சொன்னார். ஜூலை 10 அன்று சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் கிங் பேசினார். பிறகு மாநகராட்சிக் கட்டடம் வரை நடந்துபோய்க் கோரிக்கைகளைக் கதவில் ஒட்டினார். அந்தக் கூட்டத்தில் பெரியவரின் அம்மாவும் இருந்தார். இவர் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

இரண்டே நாளில் கலவரம். கொதிக்கிற வெயிலில் பிள்ளைகள் தெருவிலிருந்த தீயணைப்புக் குழாயைத் திறந்து நனைந்தார்கள். போலீஸ் வந்து மூடியது. அதிலிருந்து பற்றிக்கொண்டது, தேசியக் காவல் படை இறங்கும்வரை போனது. அப்புறம் மேயர் அந்தக் குழாய்களுக்குப் பொருத்தத் தெளிப்பான்கள் கொடுக்கச் சொன்னார். கிங் கேட்டது வாடகை வீட்டில் நிறம் பார்க்காத சந்தை, சமமான பள்ளிக்கூடம், வேலை. தெளிப்பான்களைத் தன் கையால் மாட்டியதைச் சொன்னபோது பெரியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன்" என்றார்.

தெற்கு மாநிலங்களில் கிங்கின் எதிரே நாயும் தண்ணீர்ப் பீரங்கியும் நின்றன. இங்கே கைகொடுத்துப் பேசுகிற மேயர். அதுதான் கடினம் என்று இவர் மூலமாகத்தான் எனக்குப் புரிந்தது.

*

மேலே எழுதியவருக்கு நன்றி. நான் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறேன். 2006 முதல் நான்கு வருடம் பிரிட்ஜ்போர்ட்டில் ஒரு ஐரிஷ் பாட்டியின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். டேலி பிறந்தது அந்தப் பேட்டையில்தான். மேயரான பிறகும் சவுத் லோவ் அவென்யூவில் 3536-ஆம் எண் வீட்டிலேயே இருந்தார். எல்லா வீடுகளையும் போன்ற சாதாரண செங்கல் வீடு. பாட்டி ஒவ்வொரு முறை அந்த வழியாக நடக்கும்போதும் அதைக் காட்டுவார்.

பாட்டிக்கு அவர் தெய்வம். கணவருக்கு மாநகராட்சி வேலை, மைத்துனருக்குப் போலீஸ் வேலை. மாமியார் இறந்தபோது மேயர் நேரில் வந்து பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பெயர் சொல்லித் துக்கம் விசாரித்தாராம். அதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் கண் கலங்குவார்.

1965 ஆகஸ்ட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சு மாறும். நகைச்சுவைக் கலைஞர் டிக் கிரிகரி, பள்ளிகளில் நிறப் பிரிவினையை எதிர்த்து மேயர் வீடு வரை ஊர்வலம் நடத்தினார். தெருக்காரர்கள் திரண்டு முட்டையும் கல்லும் எறிந்தார்கள். கடைசியில் போலீஸ் கைது செய்தது நடந்து வந்தவர்களைத்தான். அவர்கள் ஒழுங்காக, அமைதியாகத்தான் நடந்தார்கள் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 1969-இல் அந்தத் தண்டனைகளை ரத்து செய்தது.

ஒருநாள் இரவு பாட்டி தானாகவே சொன்னார்: "நான் வாசல் படியில் நின்றிருந்தேன். எறியவில்லை. ஆனால் என் வீட்டுக் குளிர்பெட்டியிலிருந்துதான் முட்டை போனது." கொஞ்ச நேரம் கழித்து, "அவர்கள் ஜெபம் செய்துகொண்டே நடக்கிற மாதிரி இருந்தது" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

இன்னொன்று. பேட்டைக்குக் கிழக்கே டான் ரயன் விரைவுச் சாலை. அதற்கு அந்தப் பக்கம், ஏழைக் கறுப்பினக் குடும்பங்களுக்காக 16 மாடிகள் கொண்ட 28 கட்டடங்கள் வரிசையாக இருந்தன. ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என்று பெயர், 1962-இல் முடித்தார்கள். நான் குடிவந்தபோது அநேகமாக எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள். அத்தனை வருடமும் பாட்டி ஒருமுறைகூட அந்தச் சாலையைத் தாண்டிப் போனதில்லை. நடந்தால் அரை மணி நேரம் ஆகாது.

*

நான் செவிலியர். சுருக்கமாக எழுதுகிறேன். என் நோயாளி ஒருவர், 60 வயதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி, ஊசி போடும் நேரத்தில் பயம் தெரியாமல் இருக்கத் தன் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்வார். வகுப்பில் இடமில்லாமல் பாதி நாள்தான் பள்ளி. மறுபாதி நாள் வேறு பிள்ளைகள். பக்கத்து வெள்ளையர் பேட்டைப் பள்ளிகளில் காலி இருக்கைகள் இருந்தும் அனுப்ப மாட்டார்கள். அதற்குப் பதிலாக முற்றத்தில் நகரும் வகுப்பறை வண்டிகளை நிறுத்தினார்கள். பள்ளிக் கண்காணிப்பாளர் பெஞ்சமின் வில்லிஸின் பெயரை வைத்து, மக்கள் அதை 'வில்லிஸ் வேகன்' என்றார்கள்.

1963 அக்டோபர் 22 அன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை. அதில் இவரும் ஒருவர். அப்பா மாநகராட்சி ஊழியர். போகாதே என்று சொல்லவும் பயம், போ என்று சொல்லவும் மனமில்லை. "அப்பா காலையில் சீக்கிரமே வேலைக்குப் போய்விட்டார், எங்களைப் பார்க்காமல்" என்று சொல்வார்.

*

இதை எழுதினால் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். டிட்ராய்ட், கிளீவ்லேண்ட் எல்லாம் சரிந்தபோது சிகாகோ நின்றது. ஓஹேர் விமான நிலையம், நகரின் மையப் பகுதி, நெடுஞ்சாலைகள் எல்லாம் அவர் காலத்தில் எழுந்தவை. என்னோடு வேலை பார்த்த மூத்த பொறியாளர் ஒருவர் டேலியின் நிர்வாகத்தை நேரில் பார்த்தவர். ஒரு தெருவில் பள்ளம் இருந்தால்கூட மேயருக்குத் தெரிந்திருக்கும் என்பார். அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

*

முதலில் எழுதியவன்தான். பொறியாளர் சொன்னதை நான் மறுக்கவில்லை. பெரியவரும் அதையே சொன்னார்: எந்தத் தெருவில் என்ன குறை என்று மேயருக்குத் தெரியும். எங்கள் தெருக் குறையும் தெரியும். தெரிந்திருந்ததுதான் பெரியவருக்குப் பொறுக்க முடியாத விஷயம்.

1963 தேர்தலில் வெள்ளையர் ஓட்டில் பெரும்பகுதி எதிராளிக்குப் போனது. டேலியைக் காப்பாற்றியது கறுப்பின வார்டுகள். அந்த ஓட்டுகளை வீடு வீடாகச் சேர்த்தவர்களில் இவரும் ஒருவர். 1968 ஏப்ரலில் கிங் கொல்லப்பட்டதும் மேற்குப் பகுதி எரிந்தது. 11 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 15 அன்று மேயர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, தீ வைப்பவர்களைக் கொல்லச் சுட வேண்டும், கடைகளைச் சூறையாடுபவர்களை முடமாக்கச் சுட வேண்டும் என்று தான் போலீசுக்குச் சொன்னதாக அறிவித்தார். வானொலியில் கேட்ட பெரியவரின் மனைவி, "நாம் ஓட்டுப் போட்ட அதே ஆளா பேசுகிறார்?" என்று கேட்டாராம். அந்த ஆகஸ்ட்டில், சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போது வியட்நாம் போரை எதிர்த்துத் திரண்ட இளைஞர்களை மிச்சிகன் அவென்யூவில் போலீஸ் அடித்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்து அதிர்ந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் அதிரவில்லை என்றார் இவர்.

அப்போதும் இவர் கதவுகளைத் தட்டிக்கொண்டுதான் இருந்தார். மூன்று பிள்ளைகள், ஒரு சம்பளம்.

1969 டிசம்பர் 4 விடியற்காலை, வெஸ்ட் மன்ரோ தெருவில் பிளாக் பாந்தர் என்ற கறுப்பின உரிமைக் கட்சியின் இல்லினாய் மாநிலத் தலைவர் ஃப்ரெட் ஹாம்ப்டனை, அரசு வழக்கறிஞர் எட்வர்டு ஹன்ராஹனின் கீழிருந்த போலீசார் வீடு புகுந்து சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு 21 வயது. அதே கட்சியின் மார்க் கிளார்க்கும் கொல்லப்பட்டார். போலீஸ் சுட்டது 80 தோட்டாக்களுக்கு மேல், உள்ளேயிருந்து அதிகபட்சம் 1 என்று பின்னால் கூட்டாட்சி விசாரணை சொன்னது. வீட்டைப் போலீஸ் பூட்டாமல் விட்டதால் மக்கள் வரிசையாகப் போய்ப் பார்த்தார்கள். பெரியவரும் வரிசையில் நின்றார். சுவரில் இருந்த ஓட்டைகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்தேன் என்றார்.

அரசு வழக்கறிஞர் பதவியும் இங்கே தேர்தலில் ஓட்டு வாங்கி வருவதுதான். 1972 நவம்பரில் ஹன்ராஹன் மறுபடியும் போட்டியிட்டார், ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக. பெரியவர் வழக்கம்போல் தன் தெருக்களில் எல்லாக் கதவையும் தட்டினார். மற்றப் பதவிகளுக்கு வழக்கம்போலப் போடுங்கள், இந்த ஒன்றுக்கு மட்டும் உங்கள் மனசுப்படி போடுங்கள் என்று சொன்னார். அவ்வளவுதான். ஹன்ராஹன் தோற்றார். கறுப்பின வார்டுகள்தான் அவரைத் தோற்கடித்தன. பெரியவரை இரவு ஷிப்டுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை இரவு ஷிப்டுதான்.

2015 ஏப்ரலில் ஒருநாள் அவரைக் காரில் வீட்டில் விட்டேன். ரூஸ்வெல்ட் சாலையைத் தாண்டியதும் மெதுவாக ஓட்டச் சொன்னார். இரண்டு வீடு, அப்புறம் புல் முளைத்த காலி மனை, மறுபடி காலி மனை. எரிந்து போனவை, இடிக்கப்பட்டவை, கைவிடப்பட்டவை. அவர் கண்ணாடியை இறக்கி, காலி மனைகளைப் பார்த்து விரலை நீட்டிக்கொண்டே வந்தார். "இங்கே மூன்று ஓட்டு. இங்கே இரண்டு, அந்த அம்மாவுக்குக் கால் முடியாது, தூக்கிக்கொண்டு போவோம். இங்கே ஐந்து." தெரு முடியும்வரை ஒரு வீட்டைக்கூட விடவில்லை.