இப்போது உங்கள் தலைமாட்டில் என்ன புத்தகம்?

குடந்தை வாணி

ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். அடுப்படி ஒழித்து, மகளைத் தூங்க வைத்த பிறகு பத்து மணிக்கு மேல்தான் புத்தகத்தைக் கையில் எடுக்க முடியும். இரண்டு மாதமாக உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' படிக்கிறேன். போன வாரம் 1880 அக்டோபருக்கு வந்தேன். அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை, மூன்று இரவு அதையே திருப்பித் திருப்பிப் படித்தேன்.

அப்போது அவருக்கு வயது 25. எங்கள் ஊர்க் கல்லூரியில் அந்த வருஷம்தான் தமிழாசிரியர் ஆகியிருக்கிறார். கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டதும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்குகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அல்லவா! முதலியாருக்கு அது போதவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இவர் அந்தப் புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அதைப் படிக்கும்போது எனக்கே முகம் சுட்டது. அவரோ ஏட்டுப் பிரதிகளைத் தேடி அலைகிறார், சமண சமயச் செய்திகள் புரியாமல் இதே ஊரில் இருந்த ஜைனர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்கிறார், 1887இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவருகிறார். காவிரிக் கரையில் அந்தக் கல்லூரியைத் தாண்டித்தான் தினமும் பஸ்ஸில் போகிறேன். இப்போதெல்லாம் ஜன்னலோரம் இடம் பார்த்து உட்காருகிறேன்.

நீங்கள் என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல், எந்த இடத்தில் நின்றுபோனீர்கள் என்று சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்

அக்கா, நான் கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்'. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம், அவருடைய இடைசெவலுக்குக் கிட்டத்தான். வேலை துபாயில். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து ராத்திரி போனில் வாசித்துக் காட்டுகிறேன். தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்தவர்கள் காட்டுக்குத் தீ வைத்து நிலம் திருத்துகிற இடத்தில் நின்றுவிட்டோம். அம்மா வாசிக்க விடவில்லை. அவள் அப்பா வேலிக்கருவை வெட்டி நிலம் திருத்தியது, தூர் தோண்டும்போது கையில் முள் ஏறிச் சீழ் வைத்தது என்று ஒரு மணி நேரம் பேசினாள். இந்த நாற்பது வருஷத்தில் தாத்தாவைப் பற்றி அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. 137 வயது மங்கத்தாயாரம்மாள் பழங்கதை சொல்கிற பக்கங்களை மட்டும் இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னாள்.

புளியங்குடி விவசாயி

நமக்கு எலுமிச்சைத் தோட்டம். ஜப்பான் இயற்கை விவசாயி மசானபு ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' இது ரெண்டாவது வாசிப்பு. முதல் தடவை "எதுவும் செய்யாத விவசாயம்" என்ற பேச்சு மட்டும்தான் மனசில் தங்கியது. அதை நம்பி ஒரு பகுதியில் கவாத்தை, அதாவது கிளை கழிப்பதை, அப்படியே நிறுத்தினேன். கிளை பின்னிக்கொண்டு காற்றோட்டம் போய், காய்ப்பும் விழுந்துவிட்டது. இந்தத் தடவைதான் கண்ணில் படுகிறது: அவரும் 25 வயதில் யோகோஹாமா சுங்கத்துறை வேலையை விட்டுவிட்டு வந்து, அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தைக் கவாத்துப் பண்ணாமல் விட்டு மரங்களைப் பறிகொடுத்திருக்கிறார். மனுசன் கைபட்டு வளர்ந்த மரத்தைத் திடீரென்று கைவிடுவது இயற்கை விவசாயம் ஆகாது என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை அன்றைக்கு நிதானமாகப் படித்திருந்தால் என் மரங்கள் தப்பியிருக்கும். இப்போது பென்சில் இல்லாமல் உட்காருவதில்லை.

மாடிவீட்டு மல்லி

வாணி அக்கா, 'என் சரித்திரம்' பார்க்கவே தலையணை மாதிரி இருக்கிறதே. ஒரு நாளைக்கு எத்தனை பக்கம்? எனக்கு இருபது பக்கம் தாண்டினால் கண் சொருகிவிடும்.

குடந்தை வாணி

பக்கக் கணக்கு வேண்டாம் மல்லி. 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது அது. மொத்தம் 122 அத்தியாயம், எல்லாம் சின்னச் சின்னது. ராத்திரிக்கு ஒன்று போதும். 1942இல் அவர் காலமாகிவிட்டதால் பாதியில் நிற்கிறது, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

புளியங்குடி அண்ணாச்சி, பென்சில் விஷயத்தை நானும் பிடித்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. நூலகத்தில் சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு எடுத்து வந்தேன். கடவுள் வாழ்த்தைத் தாண்ட முடியவில்லை. யாராவது முழுதாகப் படித்திருக்கிறீர்களா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

படித்திருக்கிறேன் அம்மா. 3145 பாட்டையும் வரிசையாகப் படித்தே தீர வேண்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். நச்சினார்க்கினியர் எங்கோ இருக்கிற சொல்லை எடுத்து வேறெங்கோ கூட்டிப் பொருள் சொல்வார், புதிதாகப் படிப்பவர்களுக்குத் தலை சுற்றும். முதலில் எளிய உரையுள்ள பதிப்பு ஒன்று வாங்குங்கள். முதல் அத்தியாயமான நாமகள் இலம்பகத்தில் விசயை மயில் வடிவப் பறக்கும் பொறியில் ஏறித் தப்பி, சுடுகாட்டில் சீவகனைப் பெறுகிற பகுதியிலிருந்து தொடங்குங்கள். பாட்டை முதலில் வாய்விட்டுப் படித்துவிட்டு அப்புறம் உரையைப் பாருங்கள்.

குடந்தை வாணி

நன்றி ஐயா. சுடுகாடு வரும் என்பதால் மகள் தூங்கிய பிறகே வாய்விட்டுப் படிக்கிறேன். சந்தேகம் வந்தால் இங்கேயே கேட்கலாமா?