பிங் போகிறது, எஸ்எஸ்எச் போகவில்லை: லினக்ஸ் டிஎஸ்ஏ சுவிட்சில் செக்சம் சிக்கல்

வணக்கம். போன வாரம் வந்த ஒரு ஆர்ம் போர்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சுவிட்ச் சிப் மார்வெல் 88இ6352, கெர்னல் 6.6. அதை இயக்குவது டிஎஸ்ஏ, அதாவது சுவிட்சின் ஒவ்வொரு போர்ட்டையும் தனி நெட்வொர்க் இடைமுகமாகக் காட்டும் லினக்ஸ் பகுதி. சிபியு பக்கத்து ஈத்0 வேறு நிறுவனத்தின் மேக் (ஈதர்நெட் கன்ட்ரோலர்). ஃபிரேம் எந்தப் போர்ட்டுக்குரியது என்று குறிக்கும் டேக் இடிஎஸ்ஏ, அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் 8 பைட் கூடுதல்.

லேன்1, லேன்2 இரண்டும் பிஆர்0 பிரிட்ஜில் உள்ளன. போர்ட்டிலிருந்து போர்ட்டுக்கு எல்லாம் ஓடுகிறது. போர்டுக்குப் பிங்கும் பதில் தருகிறது. ஆனால் எஸ்எஸ்எச் இணைவதே இல்லை, டிஎச்சிபியும் அப்படித்தான்.

ஐபி முகவரி பிஆர்0-வில்தான் இருக்கிறது, ஈத்0 அப்பில் இருக்கிறது. விலான் ஃபில்டரிங்கை நிறுத்திப் பார்த்தேன், எம்டியுவைக் குறைத்தேன், கேபிளையும் மாற்றியாயிற்று. அப்புறம் லேப்டாப் பக்கம் டிசிபிடம்ப் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் கருவி) போட்டபோதுதான் பிடிபட்டது: போர்டு அனுப்பும் சின்-ஆக்கில், அதாவது டிசிபி இணைப்பு கேட்டதற்கான பதில் பாக்கெட்டில், செக்சம் (தரவு கெடாமல் வந்ததா என்று சோதிக்கும் எண்) தவறு. (போர்டிலேயே பார்த்தால் ஆஃப்லோட், அதாவது செக்சம் கணக்கை மேக்கிடம் விடுவது, காரணமாக எப்போதும் தவறாகத்தான் காட்டும், அதை நம்ப முடியாது.) ஒரே இணைப்பில் திரும்பத் திரும்ப வரும் சின்-ஆக் எல்லாவற்றிலும் அதே எண். சூடோ ஹெடரின் (ஐபி முகவரிகள், நெறிமுறை எண், நீளம்) கூட்டுத்தொகை மட்டும் அப்படியே வெளியே போகிறது போலும்.

ஈத்டூல் கட்டளையில் ஈத்0-வின் டிஎக்ஸ் செக்சமை (அனுப்பும் பாக்கெட்டுக்கு மேக் செக்சம் போடுவதை) அணைத்தால் எல்லாம் சரி, ஆனால் சிபியு திணறுகிறது. மேக் டிரைவரைத் திறந்து பார்த்தேன். விலான் ஃபீச்சர்ஸில் (விலான், டிஎஸ்ஏ போன்ற மேலடுக்கு இடைமுகங்களும் பெறும் திறன்களின் பட்டியல்) ஐபி செக்சம் கொடியை அறிவிக்கிறது, ஐபி ஹெடர் டேக்குக்குப் பின்னால் தள்ளிப்போனதா என்று எங்கும் பார்க்கவில்லை.

இதை அந்த டிரைவரின் ஃபீச்சர்ஸ் செக் ஃபங்ஷனில் (ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எந்த ஆஃப்லோட் பொருந்தும் என்று பார்ப்பது) டிஎஸ்ஏ பாக்கெட்டுக்கு மட்டும் மென்பொருள் செக்சமாக மாற்றுவது சரியா, அல்லது விலான் ஃபீச்சர்ஸிலிருந்தே அந்தக் கொடியை எடுத்துவிட வேண்டுமா?