அம்மாவின் தொலைபேசியில் கடவுச்சொல் செயலி: சேமிக்கிறது, நிரப்ப மாட்டேன் என்கிறது

களுவாஞ்சிக்குடி மகள் கேட்கிறார்:

என் அம்மா ஓய்வுபெற்ற தாதி. ஓய்வூதியம் வந்து சேரும் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், முகநூல் என்று எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தார். அது ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்திலும் எழுதியிருந்தது. சென்ற விடுமுறையில் கடவுச்சொற்களைக் காக்கும் செயலி ஒன்றை அவருடைய ஆண்ட்ராய்டு தொலைபேசியில் நிறுவி, கணக்குக்கு ஒரு கடவுச்சொல் என்று மாற்றிக் கொடுத்தேன்.

சேமிப்பதில் குறையே இல்லை. நிரப்புவதில்தான் அம்மா களைத்துப்போகிறார். முகநூலில் பெட்டியைத் தொட்டால் விசைப்பலகைக்கு மேலே அவருடைய பெயர் வருகிறது, தொடுகிறார், முடிந்தது. வங்கிச் செயலியில் ஒன்றும் வருவதில்லை. கடவுச்சொல்லைத் தேடி, நகலெடுத்துத் திரும்பி வருவதற்குள் வங்கிச் செயலி அவரை வெளியேற்றிவிடுகிறது. உலாவியிலும் எதுவும் வருவதில்லை. கைரேகை பல நேரம் ஏற்காது. உடனே, செயலியையே திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லைக் கேட்கிறது. பெரிய எழுத்தும் குறியீடுகளும் கலந்த அந்த நீளத்தைச் சின்னத் திரையில் அடிப்பது அவருக்குப் பெரிய வேலை. "இதைவிடக் கொப்பி நல்லது மகள்" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில், யாரையும் எதிர்பாராமல் அவர் தன் கணக்கைத் திறக்க முடிய வேண்டும். அது நடக்காவிட்டால் எவ்வளவு பாதுகாப்பான செயலியாக இருந்தும் என்ன பயன்?

வங்கிச் செயலியில் நிரப்ப வைக்க வழி உண்டா? முதன்மைக் கடவுச்சொல்லைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாமா?

வாழைச்சேனை தொலைபேசி திருத்துநர்:

அக்கா, முதலில் உலாவி. அம்மா பாவிப்பது குரோம் என்றால், தொலைபேசியின் அமைப்பில் அந்தச் செயலியைத் தெரிவு செய்தது மட்டும் போதாது. குரோமின் சொந்த அமைப்புகளிலும் தானாக நிரப்பும் சேவைகள் என்ற பகுதி உண்டு. அங்கே வேறு சேவையைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டு, குரோமை மூடித் திறக்க வேண்டும். என் கடைக்கு இந்தக் குறையோடு வருகிறவர்களில் அநேகருக்கு இது ஒன்றிலேயே சரியாகிவிடுகிறது. சில தொலைபேசிகள் மின்கலத்தை மிச்சப்படுத்தப் பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடும். கடவுச்சொல் செயலிக்கு அதிலிருந்து விலக்குக் கொடுங்கள்.

வங்கிச் செயலி வேறு கதை. தானாக நிரப்பும் வசதி 2017இல் ஆண்ட்ராய்டு 8 உடன் இயங்குதளத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் வங்கிச் செயலியை எழுதியவர் அந்தப் பெட்டியை நிரப்பக்கூடாதது என்று குறித்துவிட்டால், எந்தக் கடவுச்சொல் செயலிக்கும் அது கண்ணில் படாது. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறார்கள். எனக்கு இதில் கடும் கோபம் உண்டு. கடவுச்சொல்லை ஒட்ட இடம் கொடுங்கள் என்று அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017லேயே தன் வழிகாட்டியில் எழுதிவிட்டது. நிரப்பவும் ஒட்டவும் விடாவிட்டால் மனிதர்கள் மனத்தில் நிற்கிற சின்னக் கடவுச்சொல்லுக்குத்தான் திரும்புவார்கள். வங்கிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

இப்போதைக்கு, வங்கிச் செயலிக்குள்ளேயே கைரேகையால் நுழையும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடவுச்சொல்லை ஒருமுறை நீங்கள் அடித்துக் கொடுத்து அதை இயக்கிவிடலாம்.

முதன்மைக் கடவுச்சொல்லைத் தமிழ் எழுத்தில் வைக்க வேண்டாம். 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் அனுப்பலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் அனுப்பலாம். கணினி எழுத்துகளுக்கான தரமான ஒருங்குறியில் (யுனிகோட்) இரண்டுக்கும் இடமுண்டு. விசைப்பலகை மாறினால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதைச் செயலி வேறு கடவுச்சொல்லாக எடுத்துக்கொள்ளக்கூடும். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்கள், எல்லாம் சிறிய எழுத்து, நடுவில் இடைவெளி. முருங்கை, தோணி, கடிகாரம் என்கிற மாதிரி. பெரிய எழுத்தைத் தேடும் வேலையே இராது. மீன்பாடும் தேன்நாடு என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். அது எங்கள் மட்டக்களப்பின் பட்டப்பெயர்; எங்கள் மாவட்டத்து ஆளின் கடவுச்சொல்லை ஊகிக்கிறவர் முதலில் அதைத்தான் அடித்துப் பார்ப்பார்.

மருதமுனையிலிருந்து:

தங்கச்சி, கைரேகை பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. நூலோடு கிடக்கும் விரலில் ரேகை தேய்ந்துவிடும். உம்மாவுக்கு அதே விரலை இரண்டு தடவை பதிந்தோம், ஒன்று காய்ந்த விரல், மற்றது கழுவித் துடைத்த விரல். இடது கைப் பெருவிரலையும் சேர்த்தோம். இப்போது எப்போதாவதுதான் மறுக்கிறது. இன்னொரு விடயம்: புதிதாக ஒரு விரலைப் பதிந்தால் பல செயலிகள் பாதுகாப்புக்காக முதன்மைக் கடவுச்சொல்லை மறுபடி கேட்கும். அந்த நேரம் நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

கல்லடி, ஓய்வுபெற்ற கிராம சேவையாளர்:

மகள், அம்மாவின் கொப்பியைப் பகைக்க வேண்டாம். முதன்மைக் கடவுச்சொல் மறந்துபோனால் பெரும்பாலான செயலிகளின் நிறுவனத்தாலும் அதை மீட்டுத் தர முடியாது. அதுதான் அவற்றின் அமைப்பு. ஆகவே அந்த ஒன்றைத் தாளில் எழுதி வைப்பது தவறே இல்லை. எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாவலடியில் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் ஒரே பெட்டியில் போனவர்களுக்காக எத்தனை மாதம் கடிதம் எழுதியிருப்பேன். தாள் இரண்டு இருக்கட்டும். ஒன்று அம்மாவின் அலுமாரியில் பொலித்தீன் உறைக்குள். மற்றது கடலுக்குத் தூரத்தில், நம்பிக்கையான உறவினர் வீட்டில், ஒட்டிய உறையில்.

கடவுச்சொல்லைச் சுருக்கவும் வேண்டாம். 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற கடவுச்சொல் செயலி நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளையே திருடிக்கொண்டு போனார்கள். உள்ளே இருந்த கடவுச்சொற்கள் பூட்டியபடிதான் போயின; ஆனால் பலவீனமான முதன்மைக் கடவுச்சொல்லைத் திருடன் ஆறுதலாக இருந்து ஊகித்துப் பார்க்கலாம். தம்பி சொன்ன ஐந்து சொற்கள் அம்மாவுக்கும் இலகு, திருடனுக்கும் கடினம்.

களுவாஞ்சிக்குடி மகள்:

எல்லோருக்கும் நன்றி. குரோமில் அந்தத் தெரிவை மாற்றியதும் மின்னஞ்சல் பக்கத்தில் அம்மாவின் பெயர் வந்துவிட்டது. ஐந்து சொற்களை அம்மாவே தெரிவு செய்தார், எனக்கும் சொல்லவில்லை, தாளில் தன் கையாலேயே எழுதினார். வங்கிச் செயலியில் கைரேகை நுழைவு இருக்கிறது, நாளை மாலை இயக்கிப் பார்க்கிறோம். வங்கிக்கான கடிதத்தைத் தமிழில் எழுதுகிறேன். வாழைச்சேனைத் தம்பி, அனுப்ப முன் அந்த நுட்பப் பகுதியை ஒருமுறை பார்த்துத் தருவீர்களா?