ஜீப்ராவுக்குத் தமிழ்ச்சொல்: மிகையொளி எச்சரிக்கையா, வரிக்கோலமா?

குழுவினருக்கு வணக்கம்.

நாடா கேம்கோடர் சொற்பட்டியலில் கெயினுக்குப் பெருக்கம், ஐரிஸுக்கு ஒளித்துளை, டைம்கோடுக்கு நேரக்குறி என்று ஓரளவு படிந்துவிட்டது. ஜீப்ராவில் (வெளிச்சம் குறித்த அளவை எட்டிய இடங்களில் கேமராத் திரையில் சாய்கோடுகள் காட்டும் வசதி) மட்டும் இழுபறி. இப்போதைக்கு ‘மிகையொளி எச்சரிக்கை’ என்று இட்டிருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

---

> மிகையொளி எச்சரிக்கை

பாதிதான் பொருந்தும் ஐயா. சோனி பிடி170, விஎக்ஸ்2000 போன்ற கேம்கோடர்களில் ஜீப்ராவுக்கு 70, 100 என்று இரண்டு நிலைகள் உண்டு. நூறில் வைத்தால் நீங்கள் சொல்லும் வேலையைச் செய்யும்: குறிகை (வீடியோ சிக்னல்) 100 விழுக்காட்டைத் தொட்ட இடங்களில் சாய்கோடுகள் தெரியும். ஒளிர்வை 0 முதல் 255 வரை எண்ணும் 8 பிட் கணக்கில் அது 235. கேமரா அதற்கு மேலும் கொஞ்சம் பதியும், 254 வரை. அதையும் தாண்டினால் மூன்று சிசிடியும் (ஒளியைக் குறிகையாக்கும் சில்லுகள்) நிரம்பி, வேட்டியின் மடிப்பெல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். எடிட்டிங்கில் இழுத்தாலும் வராது.

எழுபதில் வைத்தால் கதையே வேறு. அது எச்சரிக்கை அல்ல, அளவுகோல். முகத்தை நெருக்கமாக ஜூம் செய்து, ஒளித்துளையைத் திறந்துகொண்டே போய், நெற்றியிலும் கன்னத்து மேட்டிலும் கோடுகள் லேசாகத் தட்டும்போது நிறுத்துவார்கள். அங்கே கோடு தெரிவதுதான் சரி. ‘எச்சரிக்கை’ என்று படித்த புதியவர் அதைப் பார்த்து ஒளித்துளையை மூடுவார், முகம் இருண்டுவிடும்.

இதில் இன்னொரு சங்கதி. 70 என்பது வெளிர்நிறத் தோலை வைத்துப் போட்ட கணக்கு. நம் கருநிற முகங்களுக்கு 50–60 போதும். எழுபதில் கோடு வரும்வரை திறந்தால் முகம் வெளிறிப்போகும், பின்னால் இருக்கும் வெள்ளைச் சட்டை எரிந்துவிடும். நெற்றியின் எண்ணெய்ப் பளபளப்பில் மட்டும் ஓரிரு கோடு மினுக்கினால் போதும். விளக்குச் சுடரிலும் சரிகை மினுக்கத்திலும் நூறு தட்டினால் பரவாயில்லை, அகன்ற பரப்பில் தட்டக்கூடாது.

எனவே செயலை வைத்துப் பெயரிடாமல் தோற்றத்தை வைத்துப் பெயரிடுவோம். என் பரிந்துரை ‘ஒளிவரி’.

---

> ஒளிவரி

வெளிச்சத்துக்கும் வரி போட்டுவிட்டார்களா என்று கேட்பார்கள்! நகைப்பை விடுங்கள், உண்மையான சிக்கல் வேறு. பால் (PAL) எனும் வீடியோ முறையில் படச்சட்டத்துக்கு 576 வரி என்று ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறோம். ‘70 வரி’ என்றால் எதைப் புரிந்துகொள்வது?

அந்தச் சொல்லில் ‘ஒளி’யும் தேவையில்லை. நண்பகல் வெயிலில் எல்சிடி மங்கலாகத் தெரியும், ஒளி போதவில்லை என்று துளையைத் திறந்துவிடுவார்கள். ஜீப்ரா திரையின் வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, குறிகையை அளக்கிறது. எல்சிடியின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கினாலும் கோடுகள் விழும் இடம் மாறாது. அதை நம்பலாம், கண்ணை நம்பக்கூடாது.

---

சிக்கல் புரிகிறது. படச்சட்டத்துக்கு 576 ‘கோடு’ என்று மாற்றிவிட்டு, ‘வரி’யை இதற்கு ஒதுக்கலாம். வரிப்புலி, அணிலின் முதுகுவரி என்று பட்டைபட்டையாக இருப்பதற்கு அந்தச் சொல் பழகியது. வினையும் தயாராக இருக்கிறது: வயிற்றில் வரி விழுந்திருக்கிறது என்கிறோமே, அதுபோல முகத்தில் வரி விழுகிறது, சட்டையில் வரி விழுகிறது. படப்பிடிப்பின் நடுவே கத்திச் சொல்ல நாலெழுத்துக்குமேல் தாங்காது. ‘மிகையொளி எச்சரிக்கை தெரிகிறது, என்டியைப் (ஒளியைக் குறைக்கும் வடிகட்டி) போடு’ என்று சொல்லி முடிப்பதற்குள் தாலி கட்டி முடிந்திருக்கும்.

பட்டியலுக்கு முழுப்பெயர் வேண்டுமென்றால் ‘வரிக்கோலம்’. இலங்கைக் கணிதப் பாடநூல்களில் எண் கோலங்கள் உண்டு, அதே கோலம்தான். ‘வரிக்குதிரைக் கோலம்’ வேண்டாம், குதிரைக்கு இங்கே வேலையில்லை.

---

வரிக்கோலம் எனக்குச் சம்மதம். விளக்கத்தில் இரண்டு செய்திகள் விடுபடக்கூடாது. ஒன்று, வரிகள் காட்சிக்குழலிலும் (வியூஃபைண்டர்) எல்சிடியிலும் மட்டுமே தெரியும், நாடாவில் பதியாது. முதன்முதலாக இயக்குபவர் கேசட் பாழாகிவிட்டதென்று பயந்து அணைத்துவிடுவார். மற்றது, நூறில் வரி விழுந்தால் எதைத் தொடுவது என்ற வரிசை. முதலில் பெருக்கம் 0 டெசிபெலில், அதாவது குறிகையைக் கூட்டாத நிலையில், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து என்டி வடிகட்டி: பிடி170-இல் 1/4 போட்டால் இரண்டு ஸ்டாப், 1/32 போட்டால் ஐந்து ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). அதற்குப் பிறகுதான் ஒளித்துளை. 1/3 அங்குலச் சில்லில் எஃப் 8 என்ற துளை அளவைத் தாண்டி மூடினால் படத்தின் கூர்மை போய்விடும். ஷட்டரை ஏற்றுவது கடைசி வழி: 1/50 நொடியை விட்டு மேலே போகப் போக நடப்பவர்கள் வெட்டிவெட்டி நகர்வதுபோல் தெரியும்.

பதிவு இப்படி இருக்கட்டும்:

வரிக்கோலம் (பெ.) – குறிகை, குறித்த அளவை (70 அல்லது 100 விழுக்காடு) எட்டிய இடங்களில் காட்சித்திரையில் மட்டும் தோன்றும் சாய்பட்டைகள். வினை: வரி விழு. எண்ணோடு எழுதும்போது ‘70 வரி’ எனாமல் ‘70 விழுக்காட்டு வரி’ என்க.

576 வரி என்று எழுதியிருக்கும் பழைய பதிவுகளை யாராவது கோடு என்று திருத்திவிடுங்கள்.